சாம்பலுக்குள் வெங்காயம்

நானும் என் ஓரகத்தியும் சுந்தரபாண்டியத்துக் காட்டில்தான் பருத்தி எடுத்தோம். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. பொழுது சாய்ந்ததும் கூலியாகக் கிடைத்த பருத்தியைக் கடையில் போட்டுப் புளியும் மிளகாய் வத்தலும் வாங்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்றாகவே நடந்து திரும்புவோம். கொல்லையில் எங்கள் இருவர் அடுப்புக்கும் நடுவே ஓர் ஆள் உயர மண்சுவர்.

அவள் கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் அந்த வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும். நான் அப்போதுதான் தோள் வலிக்க அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பேன். அடுப்பு பற்றுமுன் என் வயிறு பற்றிக்கொள்ளும். அவ்வளவு பாடுபட்டுக் குழம்பு ஊற்றினால், என் கணவர் சொல்வது இதுதான்:

"என்ன இருந்தாலும் மதினி வைக்கிற புளித்தண்ணி மாதிரி வராது."

ஒரு நாளாவது என் கைப்பக்குவத்துக்கு அவர் வாயால் நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும். பொறாமைதான், இல்லையென்று சொல்லவில்லை. அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. விடிந்ததும் விறகுக் கட்டின்மேல் ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

கம்மஞ்சோற்றை இறக்கிவிட்டு, தணலைச் சாம்பலால் மூடி, நாலு வெங்காயத்தையும் ஒரு பூண்டையும் தோலோடு உள்ளே புதைத்தாள். சாயங்காலமும் ஏறினேன். வெந்து கிடந்ததை உரித்து, இரண்டு வத்தலை அதே தணலில் சுட்டு, உப்புப் போட்டுப் புளிக்கரைசலில் பிசைந்தாள். அம்மியும் இல்லை, எண்ணெயும் இல்லை. உப்பு எம்புட்டு என்பதை மட்டும் அவள் முதுகு மறைத்துவிட்டது.

மறுநாள் நானும் அப்படியே செய்தேன். அவர் ஒரு வாய் வைத்தார், நிமிர்ந்தார், இன்னும் இரண்டு உருண்டை சோறு கேட்டு வாங்கினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"மதினி குடுத்துவிட்டாகளா?" என்றார்.

நான்தான் வைத்தேன் என்றால், எங்கே கற்றாய் என்று கேட்பார். சுவர் ஏறிப் பார்த்ததை எந்த வாயால் சொல்வது? ஆமாம் என்றேன்.

மனிதர் அதோடு விட்டாரா? காலையில் அவள் தண்ணீர்க் குடத்தோடு எங்கள் வாசலைக் கடந்தபோது, "மதினி, நேத்து குடுத்துவிட்ட புளித்தண்ணி அம்புட்டு ருசி" என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு, இல்லையா தம்பி?" என்றாள்.

"லேசாக் கூடித்தான் இருந்துச்சு மதினி."

நான் சுவர் ஏறிப் பார்த்ததும், அவள் முதுகு மறைத்த உப்பும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது; ஆனாலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ருசியை அவள் எடுத்துக்கொண்டு போனாள். கூடிப்போன உப்பை மட்டும் எனக்கு விட்டுவிட்டாள்.