பாவுக்கு அடியில் பிடிபட்ட கோட்டு டாக்டர்

ஜெர்மன் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். தை மாதத்தில் ஒரு காலை வேளை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவுதான் எங்கள் பிழைப்பு. எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அன்று நான் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது, கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது. ஆனால் அன்று சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். சண்டைக்குப் போய்த் திரும்பியவர். சித்திரை வெயிலிலும் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டைக் கழற்ற மாட்டார். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் கோட்டு டாக்டர். வாசலில், 'சர்க்காரில் பதிவு பெற்ற டாக்டர்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய பலகை தொங்கும். ஊசி போடுவார், கலர் கலராக மருந்து கலக்கிக் கொடுப்பார், கூப்பிட்ட வீட்டுக்கு மழையிலும் வருவார். சர்க்கார் ஆஸ்பத்திரி என்றாலே அந்த நாளில் எங்களுக்குக் காரணமில்லாத ஒரு பயம். இவரோ முதலில் சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுத்தான் நாடி பிடிப்பார். அப்படிப்பட்டவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

முறையாகப் படித்துச் சர்க்காரில் பெயரைப் பதிந்தவர்தான் அப்படிப் பலகை போடலாம், மற்றவர் போட்டால் குற்றம் என்று ஒரு சட்டம் வந்திருந்ததாம். எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று, பாவைத் தாண்டக்கூடாது. புடவைக்கு நீளவாக்கில் ஓடும் நூலைத்தான் பாவு என்போம். விடிகாலையில் அதைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் போகவேண்டியவர் யாராக இருந்தாலும் குனிந்து பாவுக்கு அடியில்தான் போகவேண்டும். தாண்டினால் கைகலப்புதான்.

அன்று விடியும்போதே என் வீட்டுக்காரர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வாந்தி வேறு. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம், கை பட்டால் துடிக்கிறார். என்ன, எப்போதிலிருந்து என்று கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் என்ன வெட்கமோ, எனக்கு ஆத்திரமாக வந்தது. தெருவில் பாவு விரித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன். கயிற்றுக் கட்டிலோடு அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் கோட்டு டாக்டரிடம் சேர்த்தார்கள். பாவில் கஞ்சி ஏறியிருந்தது, விட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று உடனே திரும்பி ஓடினார்கள். துணைக்கு இருந்தது நான் மட்டும்தான்.

கோட்டு டாக்டர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். கட்டி என்றார். உள்ளே சீழ் கோத்திருக்கிறது, ஒரு கீறு கீறிவிட்டால் எல்லாம் வெளியே வந்து வலி நின்றுவிடும் என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. அவரை மேஜைக்கு மாற்றி, வலியில் துள்ளாமல் இருக்க மயக்க மருந்தைத் துணியில் சொட்டுச் சொட்டாக விட்டு மூக்கருகே பிடித்தார். முனகிக்கொண்டிருந்த மனுஷன் கொஞ்ச நேரத்தில் மரக்கட்டை போல ஆகிவிட்டார். பின்கட்டில் அடுப்பு மூட்டி, கத்தி போட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வேலை எனக்கு.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது வாசலில் ஜட்கா வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கத்தியை எடுக்க வந்த கோட்டு டாக்டர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தொப்பி வைத்த ஒருவர் இறங்குகிறார், பின்னாலேயே சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர். கோட்டு டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். துவைக்கிற கல்லின் மேல் ஏறினார், சுவரைப் பிடித்தார், அந்தப் பக்கம் குதித்துவிட்டார்.

என் வீட்டுக்காரரை மயக்கத்தில் போட்டுவிட்டு, அறுக்க வேண்டிய ஆள் சுவர் ஏறிக் குதித்தால் நான் என்ன செய்வேன்? புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நானும் அதே கல்லில் ஏறினேன். முழங்கை சிராய்த்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் சந்தில் ஓடுகிறார், நான் துரத்துகிறேன். பிடியுங்கள் என்று கத்துகிறேன். சந்தின் வாயில் உட்கார்ந்து நூல் இழைத்துக்கொண்டிருந்தவர்கள், டாக்டர் ஏதோ அவசர கேசுக்குப் போகிறார், கூப்பிட வந்த பெண் பின்னால் ஓடுகிறாள் என்று நினைத்து மரியாதையாக எழுந்து வழிவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

சந்து எங்கள் தெருவில் வந்து முட்டும். குறுக்கே பாவு. அதைக் கடந்துவிட்டால் எதிர்ச் சந்து, அப்புறம் ரயிலடி ரோடு. கால் நீளமான மனுஷன், ஒரே தாவில் தாண்டியிருக்கலாம். ஆனால் அவர் தாண்டவில்லை. குனிந்து அடியில் புகுந்தார். பாதி தூரம் போனதும் கோட்டின் முதுகுப் பட்டையில் இருந்த பித்தளைப் பொத்தானில் பட்டு இழை மாட்டிக்கொண்டது. ஒரு இழுப்பு இழுத்தால் கோட்டு வந்துவிடும், இழைகள் அறுந்துவிடும். வேறு எந்தத் திருடனாக இருந்தாலும் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பான். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைப் பின்னால் வளைத்து, இழை இழையாக எடுத்துவிட ஆரம்பித்தார். போலீஸுக்குப் பயந்து ஓடும்போது பட்டு அறுந்துவிடுமே என்று கவலைப்படுகிற ஆளை என் ஆயுளில் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

கோட்டுக் காலரைப் பிடித்துவிட்டேன். பாவு போடுகிறவர்கள் நாலா பக்கமும் கூடிவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரு மயக்கத்துல கெடக்குறாரு. நீ எங்க ஓட்ற?" என்றேன். அதுவரை அவரை நீங்க, வாங்க என்று கூப்பிட்டவள்தான் நான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வந்துக்கினு இருக்கறவரு நெஜ டாக்டரும்மா. அவரு பாத்துப்பாரு. நான் டாக்டரே இல்லம்மா."

அய்யம்பேட்டைப் பக்கம் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, சண்டையில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்தவர், மருந்து கொடுக்கப் பழகினாரே ஒழிய டாக்டருக்குப் படிக்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அந்த மேஜையில் ஒரு உயிர் கேட்பாரில்லாமல் கிடக்கிறது, அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மயங்க வைத்தவர் வந்து எழுப்பட்டும், வா என்று இழுத்தேன். கடைசி இழையையும் எடுத்துவிட்டு அவர் எழுந்தார். அதற்குப் பிறகு திமிறவே இல்லை. சொல்லப்போனால், திரும்பும்போது எனக்கு முன்னால் அவர்தான் ஓடினார்.

உள்ளே தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டிலிருந்து அனுப்பப்பட்ட சர்க்கார் டாக்டர் அவர். பொய்ப் பலகை வைத்திருப்பவர்களை விசாரிக்க வந்தவர், ஆளில்லாத வீட்டில் மயங்கிக் கிடக்கும் நோயாளியைப் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, இந்த வீக்கம் இதுக்கு முன்னாடி வந்து வந்து மறையுமா?"

எனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்தினேன். பாவு சுருட்டிய கனமான மரத்தைத் தூக்கி வைத்த பிறகெல்லாம் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருப்பார், அப்புறம் சாதாரணமாக எழுந்து வருவார். கேட்டால் களைப்பு என்பார். அதைச் சொன்னேன். சர்க்கார் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்குள் போலீஸ்காரர் கோட்டு டாக்டரின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்துவிட்டார்.

"விடுப்பா அவரை. அந்தக் கை எனக்கு வேணும்" என்றார் சர்க்கார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடன் கையிலா மறுபடி கொடுப்பது? ஆனால் மேஜையில் இருந்தவர் அசைய ஆரம்பித்திருந்தார், முனகல் கிளம்பிவிட்டது. மயக்கம் தெளிந்தால் வயிறு இறுகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது, தன் இரண்டு கையும் வீக்கத்தில் இருக்கும், மருந்து விட ஒரு ஆள் வேண்டும் என்று சர்க்கார் டாக்டர் வேகமாகச் சொன்னார். கோட்டு டாக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டில் போய் நின்றார். சொட்டு என்றால் சொட்டு, நிறுத்து என்றால் நிறுத்து. மேஜையின் கால்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் வேலை போலீஸ்காரருக்கு. சிவப்புத் தலைப்பாகை சரிந்து கண்ணை மறைக்க, மனுஷன் தோளைக் கொடுத்துத் தாங்கினார். வாசலில் எங்கள் தெரு முழுக்கக் கூடிவிட்டது. நான் சுவரோரம் நின்று வரதராஜரையும் காமாட்சியையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சர்க்கார் டாக்டர் அழுத்தவில்லை, குத்தவில்லை. மாவு பிசைகிற மாதிரி மெதுவாக, விடாமல், விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. ஒன்றும் நடக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடி வழுக்கி நுனிக்கு வந்துவிட்டது, தள்ளிவிடக் கையில்லை. நான் போய்த் தள்ளிவிட்டேன். அப்போதுதான் கேட்டது, செம்பில் தண்ணீர் இறங்குகிற மாதிரி களக்கென்று ஒரு சத்தம். வீக்கம் அவர் விரலுக்கு அடியிலேயே காணாமல் போய்விட்டது. அந்த டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தேன். போலீஸ்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று சொன்னார்.

கை கழுவும்போது சர்க்கார் டாக்டர் எனக்கு விளக்கினார். அது கட்டியே இல்லை. குடலின் ஒரு மடிப்பு வெளியே பிதுங்கி வந்து மாட்டிக்கொண்டது. அதில் கத்தி பட்டிருந்தால் சீழ் வராது, குடல் கிழியும், அதற்கு மேல் அந்த ஆளைக் காப்பாற்ற யாராலும் முடியாது என்றார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முறையாக ஆபரேஷன் செய்து தைத்துக்கொள்ளச் சொன்னார். பிற்பாடு அப்படியே செய்தோம். அடுப்பில் கத்தி அப்போதும் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கொதிக்க வைத்தது நான்தானே என்று நினைத்ததும் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

வாசலில் கூட்டம் கொந்தளித்தது. ஏழைகளுக்குப் பார்க்கிற ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்களே என்று எங்கள் தெரு ஆட்கள் ஜட்காவை மறித்துக்கொண்டார்கள். நான் படியில் நின்று, உள்ளே நடக்க இருந்ததை அப்படியே சொன்னேன். வெட்கம் பார்க்காமல், எந்த இடத்தில் வீக்கம் என்பது வரைக்கும் சொன்னேன். பாவுக்காரர் ஒருவரே ஏறிப் பலகையைக் கழற்றிப் போலீஸ்காரரிடம் கொடுத்தார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. "இவரை இட்டுக்கினு போறீங்க. நாளைக்கு எங்களுக்கு ஒடம்புக்கு வந்தா யாருங்க பாப்பாங்க?" என்று சர்க்கார் டாக்டரைக் கேட்டேன். நியாயமான கேள்வி என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

கோட்டு டாக்டரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று ஜட்காவுக்குப் போனேன். அவர் ஏறாமல் படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போலீஸ்காரர் ஏறு ஏறு என்கிறார், இவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும், "அவரு கண்ணு முழிச்சிட்டாராம்மா?" என்றார்.

"முழிச்சிட்டாரு. தண்ணி கேட்டாரு" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் வண்டியில் ஏறினார்.

கேட்க வந்த வார்த்தைகள் அத்தனையும் எனக்கு மறந்துவிட்டன. இன்றைக்கும் யாராவது, எங்கள் டாக்டர் தங்கமான மனுஷன், சர்க்கார் எதற்கு அவரிடம் படிப்பையும் பதிவையும் கேட்டுத் தொந்தரவு செய்கிறது என்று அலுத்துக்கொண்டால் நான் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. பட்டு இழை அறுந்துவிடுமே என்று நின்று மாட்டிக்கொண்ட, என் வீட்டுக்காரர் கண் விழித்தாரா என்று கேட்காமல் போலீஸ் வண்டியில் ஏற மறுத்த ஒரு தங்கமான மனுஷன்தான், அன்று காலை கட்டி என்று நினைத்து என் வீட்டுக்காரரின் குடலையே அறுக்கக் கத்தியை எடுக்க வந்தார் என்பதை மட்டும் சொல்வேன்.