கார் பார்க்கில் ஒரு தும்பை

"…பிடுங்கத்தான் வேணும் ராணி. இண்டைக்குச் செடி, நாளைக்கு நுளம்பு, நாளையிண்டைக்கு டெங்கு. கமிட்டி முடிவெடுத்திட்டுது."

கமிட்டி என்றால் குணம் அண்ணைதான். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டின் செயலாளர். கையில் சீமெந்தை நெம்பும் அலவாங்கு. காலடியில் குற்றவாளி — ஒரு சாண் உயரத் தும்பை. அவருடைய கார் நிற்கும் இடத்தில், சுவரோடு ஒட்டிய சீமெந்து வெடிப்பில் தானாக முளைத்தது. பம்பர் உரச உரச, வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது.

குறுக்கே நின்றவர் மூன்றாம் மாடி ராணி அக்கா.

எங்களுக்குச் செடி பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். வாசலில் வரிசையாகப் பூச்சாடி வைத்திருக்கிறோம். எல்லாம் பிளாஸ்டிக். கிழமைக்கொரு தடவை தூசு தட்டுகிறோம். போன மாதம் சுகாதாரப் பரிசோதகர் நுளம்புக் குடம்பி பிடித்ததும் அந்தச் சாடிகளில்தான்… ஆனால் காசு கொடுத்து வாங்கியதை யாராவது எறிவார்களா?

"இன்னும் பதினொரு நாள் விடுங்கோ அண்ணை. நாப்பது நாள் சிவனுக்குத் தும்பைப்பூ வைக்கிறன் எண்டு நேர்ந்தனான். இதை விட்டால் றெயில் பாதையிலைதான் போய்ப் பூ ஆயவேணும்."

"என்ன நேர்த்தி?"

"விசா. மகளின்ரை பிள்ளைப்பேறுக்குப் போகோணும்."

குணம் அண்ணை சிரித்தார். "அவங்கள் பேங்க் ஸ்டேட்மென்டையெல்லோ பாப்பாங்கள். பூவையே பாக்கிறாங்கள்?"

"அஞ்சாம் மாடி விமலாவைக் கேளுங்கோ. மூண்டு தரம் இல்லையெண்டவங்கள் நாலாந்தரம் குடுத்தவங்கள். இதே செடியிலைதான் ஆய்ஞ்சவ."

சிரிப்பு நின்றது. குணம் அண்ணையின் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது ஃபிளாட் முழுக்கத் தெரியும். தெரியாத மாதிரி நடப்பது எங்கள் பண்பாடு. அவருடைய பேரன் ஃபோன் திரைக்குள்ளேயே பிறந்து, தவழ்ந்து, இப்போது நடக்கிறான்.

"விசிட்டர் விசாவோ?" குரல் தாழ்ந்திருந்தது.

"ஓம்."

"ரெண்டு பேருக்குப் போதுமே, பூ?"

"வெயில் பட்டால் இன்னும் பூக்கும் அண்ணை. உங்கடை கார்தான் மறைக்குது."

வெள்ளவத்தையில் கார் பார்க் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? ஒரு அடி தள்ளி விட்டதற்காகப் பேச்சுவார்த்தையை முறித்த சொந்தங்கள் இங்கே இருக்கின்றன.

குணம் அண்ணை அலவாங்கைச் சுவரில் சாத்தினார். காரை ரிவர்ஸ் எடுத்து, வெளியே கொளுத்தும் வெயிலில் றோட்டோரம் விட்டுவிட்டு வந்து, வெறுமையான இடத்தின் நடுவில் 'நோ பார்க்கிங்' பலகையை வைத்தார்.