கதவோரப் பை

மாலைச் செய்தி தொடங்கும் நேரத்தில் எனக்கு இன்னமும் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்கிறது. முன்கதவின் பின்னாலிருந்து, சர்ரென்று. திரும்பிப் பார்த்தால் பை அதன் ஆணியில், பாதி திறந்த வாயோடு பேசாமல் தொங்கும். "பல்லிதான்லா," என்பார் என் கணவர். ஜொகூரில், இந்தப் பெர்மாஸ் ஜெயா வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து பல்லிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். பல்லியின் குரல் எனக்குத் தெரியாதா? இது பல்லி இல்லை.

அந்தப் பை என் அக்காவுடையது. அவள் போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கல்யாணம் அமையவில்லை. நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் என் வீட்டை நடத்தியவள் அவள்தான். என் மகளை வளர்த்தவளும் அவள்தான். எங்கள் எல்லாரிடமும் நீல அடையாள அட்டை இருந்தது. அவளிடம் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர் இந்த நாட்டில் தங்கலாம், ஆனால் குடிமக்கள் கணக்கில் சேர மாட்டார். ஓட்டுப் போட முடியாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு எப்படி இரண்டு நிறம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் அப்பா லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். அம்மாவின் தாய்வீடு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு தோட்டம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கமாயிற்றே. வளையல் அடுக்கி, சோறு வகை வகையாகக் கிண்டி, அம்மாவைக் கொண்டாட்டமாக அழைத்துப் போனார்கள். அக்கா அங்கே தொழிலாளர் லயத்து வீட்டில், மருத்துவச்சியின் கையில் பிறந்தாள்.

"அப்பன் எந்தத் தோட்டமோ அங்க பதிஞ்சுக்கட்டும்," என்றாராம் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தீட்டுக் கழிந்து, பிள்ளைக்கு அரைஞாண் கட்டி, சீரோடு திரும்பி வந்தால் எங்கள் தோட்டத்துக் கிராணி, "பொறந்த எடத்துலதான் பதிவாங்க, அங்கயே பதிஞ்சிருப்பாங்க," என்றாராம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் சொன்னால் அப்பாவுக்கு அது வேதவாக்கு. இரண்டு கிராணிகளுக்கும் நடுவில் அக்கா எங்கேயும் பதியப்படாமல் வளர்ந்தாள். நான் இரண்டாவது பிரசவம். இரண்டாவதற்குத் தாய்வீடு எதற்கு என்று அம்மா எங்கள் தோட்டத்திலேயே என்னைப் பெற்றாள், ஒழுங்காகப் பதிந்தார்கள். யாரும் கொண்டாடாததால் எனக்கு நாடு கிடைத்தது. கொண்டாடிக் கொண்டாடி அக்காவுக்கு இல்லாமல் போனது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விஷயம் தெரிய வந்தபோது மருத்துவச்சி செத்துப்போயிருந்தாள், தோட்டம் கைமாறியிருந்தது. பிறகு எத்தனையோ முறை மனுப் போட்டோம். ஒவ்வொரு முறையும் அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டுதான் போவாள். கவுண்டரில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். சாட்சி இல்லாத பிறப்புக்கு அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்?

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது நாடு கலங்கிக் கிடந்தது. அடுத்த லயத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சிவப்பு அட்டைக்காரர்கள். வேலை பெர்மிட் கிடைக்காமல், ஒருநாள் காலையில் லாபிஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனார்கள். அங்கிருந்து ரயில், அப்புறம் கப்பல், அப்புறம் அவர்கள் மறந்தே போயிருந்த ஒரு ஊர். அக்கா அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்து போனாளாம்.

"ஒரு தட்டுகூட எடுத்துக்காம போனாங்கடி," என்பாள். "வழியில யாராச்சும் சோறு போட்டா எதுல வாங்கித் தின்னிருப்பாங்க?"

அந்தத் தட்டு விவகாரம் அவள் மனத்தில் கடைசிவரை ஆறவில்லை.

அதனால்தானோ என்னவோ, எங்கள் வீடு எப்போதும் ஒரு பேரிடருக்குத் தயாராகவே இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறை முழுக்க அக்காவின் ராஜ்ஜியம். அரிசி மூட்டை, சார்டின் டின், கருவாடு, பச்சைப்பயறு, மெழுகுவர்த்தி, சமையலுக்கு உபரியாக ஒரு கேஸ் தோம்பு, தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். தேர்தல் என்று பேச்சு வந்தால் அரிசி இரண்டு மூட்டையாகும். பிரதமர் மாறினால் சார்டின் ஏறும். நடுவில் சில காலம் அரசாங்கம் அடிக்கடி மாறியது. அப்போது நாங்கள் தின்ற சார்டினுக்கு அளவே இல்லை. "அக்கா, நாட்ட யாரு ஆண்டாலும் நமக்கு சார்டின்தானா?" என்று நான் கேலி செய்வேன். தண்ணீர்த் தடை வந்து எங்கள் தாமானில் அத்தனை வீடும் காலி வாளியோடு நின்றபோது, எல்லா இனத்துக்காரர்களும் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவள் பயந்தாளே தவிர நாட்டைக் குறை சொல்ல விட மாட்டாள். நான் செய்தியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினால் டிவியை அணைத்துவிடுவாள். "சோறு போடற மண்ணுடி. வாய அலம்பு." சாயங்காலம் விளக்கேற்றினால் முதல் வேண்டுதல் நாட்டுக்கு, அடுத்தது ஜொகூர் சுல்தானுக்கு, அப்புறம்தான் நாங்கள். சாமி மேடையில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நாட்டுக் கொடியும் இருந்தது. அம்மனுக்குக் காட்டிய சூடத்தைக் கொடிக்கும் ஒரு சுற்றுக் காட்டுவாள்.

ஆகஸ்டு பிறந்தால் வாசலில் கட்டும் பெரிய கொடியை எடுப்பாள். துவைத்து, சோற்றுக் கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, பருத்திச் சேலையைத் தேய்ப்பதுபோல் மடிப்பில்லாமல் தேய்ப்பாள். கஞ்சி போட்ட கொடி எப்படிப் பறக்கும்? எல்லார் வீட்டுக் கொடியும் காற்றில் ஆடும்போது எங்கள் வீட்டுக் கொடி மட்டும் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். "அட்டென்ஷன்ல நிக்குது பாருங்க," என்று என் கணவர் சல்யூட் வைப்பார். அக்கா சிரிக்க மாட்டாள்.

ஓட்டுப் போடும் நாளில் எங்களோடு அவளும் கிளம்பி வருவாள். பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்பாள். நான் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, மை வைத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "நல்லா புடிச்சிருக்கு," என்பாள், மருதாணியைச் சொல்வதுபோல.

இனி அந்தப் பை. தொழிற்சாலை ஆண்டு விருந்தில் எனக்குக் கொடுத்த கருநீலத் துணிப்பை அது. அக்கா அதைக் கேட்டு வாங்கி, எதையெதையோ அடுக்கி, முன்கதவுக்குப் பின்னால் மாட்டினாள். யாரும் தொடக் கூடாது. "என்னக்கா இருக்கு அதுல?" என்றால், "ஆத்திர அவசரத்துக்கு" என்பாள். அரிசியும் சார்டினும் வீட்டுக்குள் இருப்பதற்கு. பை, எல்லாரும் கிளம்பி ஓடுவதற்கு. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டோம். செய்தியில் ஏதாவது சூடாக வந்தால் எழுந்து போய் ஜிப்பைத் திறந்து பார்த்து, திரும்ப மூடிவிட்டு வந்து உட்காருவாள். அந்தச் சத்தம்தான், ஒரே இழுப்பில், சர்ரென்று.

அரசாங்கம் ஒன்று கவிழ்ந்திருந்த வாரம். சனிக்கிழமை காலை. சீருடை போட்ட இருவர் கேட்டருகே நின்று சலாம் சொன்னார்கள். டெங்கிக் கொசுவுக்காகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தவர்கள். நான் சாவி தேடிக்கொண்டிருக்கையில் அக்கா என்னைக் கடந்து போனாள். சேலையைச் சரியாகக் கட்டி, தலை வாரி, வெளியே போகும் செருப்பு மாட்டியிருந்தாள். தோளில் பை. நேராகக் கேட்டுக்குப் போய், கம்பிக்கு இந்தப் பக்கம், அவர்கள் முன்னால் நின்றாள்.

"அலமாக், அக்கா! கொசு பாக்க வந்திருக்காங்க. பையத் தூக்கிட்டு எங்க ஓடற?"

அவள் அந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொசுவா?" என்றாள். பிறகு உள்ளே வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு, வந்தவர்களுக்கு மைலோ கலக்கப் போனாள். ரொம்ப நாளைக்கு இந்தக் கதையைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அவளும் சிரிப்பாள்.

கடைசியில் அவளை இந்த வீட்டிலிருந்து கொண்டுபோனது எந்த அரசாங்கமும் இல்லை, நெஞ்சுவலி. ஒரு மத்தியானம் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் சுவரில் சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் கதவைக் கடக்கும்போது கையை நீட்டினாள்.

"பாப்பா, பை."

"பை எதுக்குக்கா? ஆஸ்பத்திரிக்குத்தான போறோம். நாளைக்கு வந்துரலாம்லா."

அவள் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு மடக்கிக்கொண்டாள். இத்தனை வருடம் தயாராக இருந்தவள் வெறுங்கையோடு போனாள். மறுநாள் உடம்பாகத்தான் வந்தாள்.

அதனால்தான் சொல்கிறேன், அது பல்லி இல்லை. அவள் பைக்காக வருகிறாள். பதினாறாம் நாள் காரியத்தில் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்தோம், காசியில் பிண்டம் போட்டாலும் இதைவிட மனசாரச் செய்திருக்க முடியாது. ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. பையை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். எனக்குப் பயமாக இருந்தது. அவள் வந்து பார்க்கும்போது ஆணி காலியாக இருந்தால்?

போன மாதம், தேர்தல் வரும் என்று மறுபடியும் பேச்சு அடிபட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் வார விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் என்னையறியாமல் இரண்டாவது அரிசி மூட்டையை மாடிப்படிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். "ம்மா, நீயும் பெரியம்மா மாதிரியே ஆயிட்ட," என்று சிரித்தவள், "சரி, அந்தப் பைல என்னதான் இருக்குன்னு பாத்துருவோம். பிஸ்கட்டு இருந்தா எறும்பு வந்துரும்," என்று ஆணியிலிருந்து இறக்கினாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஜிப்பை இழுத்துவிட்டாள். அதே சத்தம்.

தரையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு எவர்சில்வர் தட்டு. ஒரு டம்ளர். ஒரு சேலை, அதற்கேற்ற ரவிக்கை. ஒரு துண்டு. ஒரு பல் பிரஷ். இரத்த அழுத்த மாத்திரை. விபூதிப் பொட்டலம், சூடம், தீப்பெட்டி. அடியில் ஒரு கொடி, கஞ்சி போட்டுத் தேய்த்து நாலாக மடித்தது.

மகள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். வேறு எதுவும் விழவில்லை.

"ம்மா, எல்லாம் ஒண்ணு ஒண்ணுதான் இருக்கு," என்றாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "இது நமக்கு வச்ச பை இல்லம்மா."

அந்தச் சனிக்கிழமை எனக்கு முன்னால் வந்து நின்றது. அக்கா ஓடக் கிளம்பவில்லை. சீருடைக்காரர்கள் உள்ளே வந்து எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, கூப்பிடும் முன்பே கேட்டில் போய்த் தன்னை ஒப்படைத்து நின்றிருக்கிறாள். அரிசியும் சார்டினும், இங்கேயே இருக்கப்போகிற எங்களுக்கு. தட்டு, போகப்போகிற அவளுக்கு. அனுப்புகிற நாட்டின் கொடியையும் தேய்த்து மடித்து எடுத்துப் போவாளாம்!

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "தனியா போறதுக்கா ஏற்பாடு பண்ணி வச்ச? நான் உன்னை விட்டுருவேனா?" என்று வெறும் கதவைப் பார்த்துக் கத்தினேன். என் மகள் பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள்.

பிறகு சமையலறைக்குப் போய் என் தட்டை எடுத்து வந்தேன். நான் தினமும் சாப்பிடுகிற பெரிய தட்டு. அவள் தட்டுக்கு மேலே அதை வைத்தேன், பக்கத்தில் என் டம்ளர், என் சேலை ஒன்று. கொடியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். பை நிறைந்துவிட்டது. ஒரு ஆளுக்கென்று கணக்குப் பார்த்த பை. எவ்வளவு அமுக்கியும் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. அப்படியே தூக்கி அவள் ஆணியில் மாட்டினேன்.

இப்போதும் செய்தி நேரத்தில் சத்தம் கேட்கிறது. ஆனால் முன்போல் ஒரே இழுப்பில் இல்லை. பாதியில் நின்றுவிடுகிறது.