மச்சினன் அடித்த நகரா

என் மனைவியின் தம்பி மெட்ராஸ் காலேஜில் மனோதத்துவம் ஆனர்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அந்த ரமலானுக்குப் புத்தகக் கட்டோடு கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினான். நான் எட்டாவதோடு நின்று கருவாட்டு வியாபாரத்துக்கு வந்தவன். படிக்கிற பிள்ளை என்று பொறுத்துக்கொண்டேன். அவன் பொறுக்க விடவில்லை.

அவன் பாடத்தில் ஒரு நாய்க் கதை. மணியடித்து மணியடித்துச் சோறு போட்டால், பிறகு வெறும் மணிச்சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். அதற்குக் கண்டிஷனிங் என்று பெயராம்.

“நோன்பு தொறக்க நகரா அடிக்கிறாங்களே, அதுவும் அப்பிடித்தான் மச்சான். சத்தம் கேட்டதும் கை தானா பேரீச்சம்பழத்துக்குப் போவுது. யோசனை அப்புறமாத்தான் வருது” என்றான்.

நோன்பு வாயால் ஏசக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

என் மனைவி முந்தின ரமலான் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவள். இந்தத் தடவை ஒரு நோன்புகூட விடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஒரு நாள் மேகம் கவிந்து பொழுதே தெரியவில்லை. வீட்டில் கடிகாரம் கிடையாது. பள்ளிவாசல் நகரா முரசுக்காகக் கஞ்சியை முன்னால் வைத்துக் காத்திருந்தோம். தொம் தொம்மென்று கேட்டது. நாக்கு வறண்டிருந்தவள் பழத்தை வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். நான் துஆ ஓதி முடிக்கவில்லை. பழம் கையிலேயே இருந்தது.

கொல்லையிலிருந்து மச்சினன் சிரித்துக்கொண்டே வந்தான். கையில் துணி சுற்றிய கட்டை.

“அண்டாவைக் கவுத்துப் போட்டு நாந்தான் அடிச்சேன் அக்கா. உங் கை நின்னு யோசிச்சுதா பாரு!”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பள்ளிவாசலில் நிஜ நகரா அடித்தது. நேரத்துக்கு முன்னால் விழுங்கியதால் அவள் நோன்பு முறிந்துபோயிருந்தது. என் நோன்பு முடிந்தது, எனக்கும் வாய் திறந்தது.

“நாயிகிட்ட காட்டுற வித்தையக் கூடப்பொறந்தவகிட்டயா காட்டுன? எங் கண்ணு முன்னால நிக்காத.”

“இன்னா மச்சான், ஒரு நோன்புதானே? பெருநாள் கழிஞ்சி திருப்பிப் புடிச்சிக்கினா தீந்துது.”

என் மனைவி நிமிர்ந்தாள். “ஏன்டா, பாதிப் பரீச்சையில உங் காயிதத்தைப் புடுங்கிகினு, அடுத்த வருசம் எழுதிக்கோன்னா சும்மா இருப்பியா?”

“அது வேற அக்கா.”

“எனக்கு வேற இல்ல.”

தம்பிக்காக என்னிடம் கெஞ்சுவாள் என்றுதான் நினைத்தேன். அவளே அவன் புத்தகங்களைக் கட்டி வாசலில் வைத்தாள். “காலையில செங்கல்பட்டு பஸ்ஸு கீது. பெருநாளைக்கு வாப்பா வூட்டுலயே இரு.”

பெருநாள் கழிந்ததும் அந்த நோன்பைத் திருப்பிப் பிடித்தாள். அல்லாஹ் ஏற்றுக்கொண்டிருப்பான், அவன் மன்னிப்பவன். என்னால் அது ஆகவில்லை. மச்சினன் பட்டம் வாங்கி வந்து நின்றபோது நான் கை கொடுக்கவில்லை.