வடக்குச் சுவரில் இருந்த வாசல்

எங்கள் பங்குக் கோயில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. திருவிழா மலரில் போட கோயிலின் தரைப்படம் வேண்டும் என்று பங்குப் பேரவைச் செயலாளர் என்னைக் கேட்டார். ஓய்வு பெற்ற வாத்தியார். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். நான் ராஜபாளையத்தில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

"நம்ம பிள்ள ஒண்ணு இன்ஜினியரா இருக்கையில வெளியில எதுக்குப் போகணும்?" என்றார். அந்த 'நம்ம' எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் முதலில் கசப்பது அதுதான்.

மூன்று சனிக்கிழமைகள் அளந்தேன். சுவரின் கனம் இரண்டேகால் அடி. பட்டைச் செங்கல், சுண்ணாம்புக் காரை. தூண்கள் பக்கத்துக்கு ஐந்து. தேக்கு உத்தரம், மேலே ஓடு. இடி விழுந்து சரிந்த பழைய மணிக்கூண்டின் அடித்தளம் மட்டும் முன்முற்றத்தில் தரையோடு கிடக்கிறது. "அதையும் போடு தாயி, எப்பேர்ப்பட்ட மணிக்கூண்டு!" என்றார் வாத்தியார். இன்று இல்லாததைப் புள்ளிக்கோட்டில் காட்டுவது எங்கள் வேலையில் வழக்கம். அப்படியே போட்டேன்.

வாசல் எண்ணிக்கையில்தான் இடறினேன். மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று. வடக்குச் சுவரின் பூச்சில் ஓரிடத்தில் அரைவட்டமாக மயிரிழை விரிசல் ஓடியது. தட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்க ஒரு சத்தம், விரிசலுக்குள் வேறு சத்தம். சுற்றிலும் சுண்ணாம்பு, அங்கே மட்டும் சிமெண்ட். வெளியே போய்ப் பார்த்தால், நடுவில் தேய்ந்த ஒரு படிக்கல். இப்போது அதன் மேல் செருப்பு விடுகிறார்கள். அடைத்த வாசல். வளைவின் உச்சி நாலே முக்கால் அடி. குனியாமல் யாரும் நுழைந்திருக்க முடியாது.

உள்ளே, அந்த வாசலுக்கு நேரே தரையில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றையும் சிமெண்ட் வைத்து மூடியிருந்தார்கள். கம்பித் தடுப்பு நின்ற இடம். தடுப்பு இருந்த இடத்துக்குப் பின்னால் நின்று பீடத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. நடுவே தூண். படத்திலும் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். தூணில் முட்டியது.

எங்கள் தெருக்காரர்கள் மட்டும் அந்த வாசல் வழியாகக் குனிந்து வந்து, அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்று பூசை கண்டார்கள். கண்டார்கள் என்பது தவறு. கேட்டார்கள். இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. கம்பியைப் பிடுங்கி, வாசலையும் அடைத்த பிறகு யாரும் எங்கும் உட்காரலாம் என்று ஆனது. அதைப் பங்கில் பெருமையாகச் சொல்வார்கள்.

அம்மா மட்டும் இன்றுவரை அந்தத் தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறாள். ஏன் என்று கேட்டால், "இங்கனதான் காத்து வருது" என்பாள். ஜன்னல்களைப் பட்டியல் எடுத்தபோது பார்த்தேன். அந்த மூலைக்கு மிக அருகில் இருக்கும் ஜன்னல் பதினான்கு அடி தள்ளி இருக்கிறது. காற்று வர வழியே இல்லை.

படத்தைப் பங்கு அலுவலகத்தில் விரித்தேன்.

"இது என்ன தாயி, வடக்குப் பக்கம்?"

"அடைச்ச வாசல் சார்."

"இப்ப இல்லையே."

"மணிக்கூண்டும்தான் இப்ப இல்ல."

வாத்தியார் சிரித்தார். "எட்டாப்புலயே இப்படித்தான் எதுத்துப் பேசுவ. மணிக்கூண்டு இடி விழுந்து போச்சு. அது ஆண்டவர் செயல். இது..." என்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மலரு ஆயர் கைக்குப் போகும். அவிய இது என்ன வாசல்னு கேட்டா யாரு பதில் சொல்லுதது?"

"நான் சொல்லுதேன் சார்."

"நீ சொல்லிருவ, படிச்சவ. உங்கம்மா அங்கனதான உக்காருதா? நாளப்பின்ன நாலு பேரு படத்தக் கையில வச்சுக்கிட்டு அவள வேடிக்க பாத்தா? அத யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் கணினியில் படத்தின் கோப்பைத் திறந்து, அந்த வாசலை வரைந்திருந்த லேயரை, அந்த ஓர் அடுக்கை மட்டும், அணைத்தேன். அழிக்கவில்லை, அணைத்தேன். அந்த வித்தியாசத்தை எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். அச்சில் வித்தியாசம் எதுவும் தெரியாது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கடப்படுவாள் என்று வாத்தியாரைப் போலவே நானும் முடிவு செய்துவிட்டேன்.

திருவிழா அன்று காலையில், பூசைக்கு முன் மலரைக் கொடுத்தார்கள். அம்மா முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகப் படம் இருந்த பக்கத்தைத் திருப்பினாள்.

"இதான பீடம்? இது தெக்கு வாசலு. இந்தா, என் தூணு." வடக்குச் சுவருக்கு வந்ததும் விரல் முன்னும் பின்னும் போனது. "ஏட்டி, நம்ம வாசலு எங்க?"

"எந்த வாசலும்மா?"

"இங்கன இருந்ததுதான். எங்கப்பா தோள்ல வச்சுத் தூக்கிட்டு வருவாரு. அந்தப் படிகிட்ட வந்ததும் கீழ எறக்கிருவாரு. அம்புட்டுத் தாழ. பொறவு அவரும் குனிஞ்சு, எனக்குச் சமமா ஆயித்தான் உள்ள வருவாரு." அம்மா என்னைப் பார்த்தாள். "மூணு வாரமா கோயிலச் சுத்திச் சுத்தி அளந்தியே, அத எப்படி விட்ட? நீ அதப் போட்டிருப்பன்னுல்ல நான் இருந்தேன்."

"இப்ப இல்லாததப் போட மாட்டாங்கம்மா."

வாத்தியாரின் சொல் என் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்தது. அம்மாவின் விரல் மெல்ல நகர்ந்து, முன்முற்றத்தில் புள்ளிக்கோட்டுச் சதுரத்தின் மேல் நின்றது.

"அப்ப இது?"

பூசை மணி அடித்தது. அம்மா மலரை மூடி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தூணுக்குப் பின்னால் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். மலருக்கு உழைத்தவர்கள் உட்கார வாத்தியார் முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். "வா தாயி" என்று கை காட்டினார். போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பீடம் முழுதாகத் தெரிந்தது.