வஞ்சிரக் குழம்புக்கு இரண்டாம் பரிசு

எங்கள் அத்தை டிவியில் வந்தவள் என்று சொன்னால், அவளுடைய ஊன்றுகட்டையைப் பார்த்துவிட்டு, "தன்னம்பிக்கை நிகழ்ச்சியா?" என்று கேட்கிறார்கள். இல்லை ஐயா, மீன் குழம்பு. அப்படிச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அது டிவியில் வந்த அன்றைக்கு நான் அழுதேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வெளியே போக, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். ஆவடி மார்க்கெட்டில் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே மீன்காரர்கள் பழைய மீனை உள்ளே தள்ளிவிடுவார்கள். செவுளைத் திறந்து பார்க்காமல் அத்தை வாங்கமாட்டாள்.

நான் ஐந்தாவது படித்தபோது, திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏதோ ஒரு டிவி சேனல் சமையல் போட்டி நடத்தியது. அத்தை பெயர் கொடுத்தாள். நான் வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன்.

மண்டபத்துக்கு முன்னால் பதினோரு படி. பக்கவாட்டில், பாத்திர வண்டி ஏற்றுவதற்காக ஒரு சரிவு. அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு அதில் ஏறிப்போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். குழம்பை இறக்கும் நேரத்தில் டைரக்டர் வந்தான், முகத்தை ரொம்பச் சோகமாக வைத்துக்கொண்டு.

"அக்கா, ஒரே ஒரு ஷாட். முன்பக்கம் படியில மெதுவா ஏறி வாங்க. காலையும் கட்டையையும் கிட்டக்க எடுத்துக்கறோம். சோக மியூசிக் போட்டு, கீழ 'தன்னம்பிக்கை நாயகி'ன்னு போடுவோம். ஜனங்க அழுதுடுவாங்க."

அத்தை கரண்டியை நிறுத்தவில்லை. "இன்னா தம்பி, நீ கொயம்பப் பாக்க வந்தியா, காலப் பாக்க வந்தியா? அதான் சரிவு கீதே, நான் எதுக்குப் படி ஏறணும்?"

"அந்த ஷாட் இல்லன்னா உங்க பகுதியே வராதுக்கா."

"ஏறிடு அத்தை, ப்ளீஸ்" என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். நாயகி! எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கு அப்படி ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது?

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டியை மூடினாள். "அப்போ கொயம்பத் தூக்கினு ஊட்டுக்குப் போறேன். எங்க அண்ணன் பசியோட கீறாரு."

அந்த நேரம் பார்த்து நடுவர் அம்மா தட்டோடு வந்து நின்றார். காலையிலிருந்து பன்னீரும் காளானுமாகத் தின்று அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. "ஏம்மா மூடுற? தொற, தொற!" என்றார். இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடுவர் சாப்பிடுவதைப் படம் எடுக்காமல் விட முடியுமா? கேமரா தானாக வந்தது. டைரக்டர் தலையைச் சொறிந்தான்.

"கீழ என்னதான்க்கா போடறது?"

"எம் பேரப் போடு. வஞ்சிரக் கொயம்புன்னு போடு. வேற இன்னா வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. டிவியில் அத்தை வந்தாள். கட்டையை அவள் ஒளிக்கவில்லை, அதுவும் கூடவே வந்தது. கேமராதான் அதில் நிற்கவில்லை. சட்டியும், ஓயாமல் பேசும் அவள் வாயும்தான் நிறைய நேரம் தெரிந்தன. கீழே அவள் பெயர். பெயருக்குப் பக்கத்தில், 'வஞ்சிரக் குழம்பு, இரண்டாம் பரிசு'. அவ்வளவுதான்.

நான் ஓவென்று அழுதேன். நாயகியாக வரவேண்டியவள் குழம்பாக வந்துவிட்டாளே! நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்? "போ அத்தை, அந்தப் படியில ஏறியிருந்தா என்ன?" என்று கத்தினேன்.

அந்த வரி ஓடியபோது அத்தை போனில் டிவியைப் படம் பிடித்திருந்தாள். அதையே திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கும் ஏமாற்றம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் அழுகையை நிறுத்திவிட்டு, பெரிய மனுஷிபோல அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"விடு அத்தை, அடுத்த தடவ நாயகி ஆயிடலாம்."