அத்தை பெயரில் ஒரு பாட்டில்

நான் முதல் மார்க் வாங்கிய ஒரே பரீட்சை சிறுநீர்ப் பரிசோதனை. அதையும் அத்தையின் பெயரில்தான் எழுதினேன். இப்போது ஐம்பதைத் தாண்டி, சொந்தப் பெயரிலேயே எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரியை ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்று நாலு கட்டுரை படித்திருக்கிறேன். நண்பர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். ஆனாலும் பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பிருந்து சாமைக் கஞ்சிக்கு மாறிவிடுகிறேன். படிப்பு என்னை அவ்வளவுதான் திருத்தியிருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் எங்கள் வீடு. அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தார். மரவள்ளிக் காட்டில் அவர் வேகத்துக்கு ஆண்களே பின்தங்குவார்கள். மாதம் ஒருமுறை, கழுவிய டானிக் பாட்டிலில் சிறுநீரை எடுத்துக்கொண்டு, மலையிறங்கி அடிவாரத்து டாக்டரிடம் போவார். கம்பவுண்டர் நீல மருந்தில் சில சொட்டு விட்டுச் சூடு காட்டுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறத்துக்குப் போனால் ஏகப்பட்டது. அத்தையுடையது செங்கல். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தை வலிக்குப் பயந்தவர் அல்ல. எங்கள் பக்கம் சர்க்கரைக்கு ஊசி போட ஆரம்பித்த மூன்று பேரும் அந்த வருஷமே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதனால் ஊசி என்றால் சாவு என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

அடுத்த முறை கிளம்பும்போது அத்தை பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

“கண்ணு, இதுல நீ கொஞ்சம் ஒண்ணுக்குப் போயி கொண்டா சாமி.”

“எதுக்கத்தை?”

“டாக்டருக்குத்தான். என்னுதைப் பாத்தா அவருக்குக் கோவம் வருது.”

நானும் கூடவே இறங்கிப் போனேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நீலம், துளிகூடக் கலங்காத நீலம். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது.

“நல்ல கட்டுப்பாடா இருக்கறீங்கம்மா. இனி பாதி மாத்திரை போதும்.”

“எல்லாம் உங்க கைராசிதானுங்க” என்றார் அத்தை, கொஞ்சமும் கூசாமல்.

வெற்றியைக் கொண்டாட வழியில் ஒரு பலாப்பழத்தைப் பிளந்தோம். எனக்கு ஒரு சுளை, அத்தைக்கு ஒரு சுளை என்று கடைசிவரை நியாயமாகப் பங்கிட்டோம். அதன் பிறகு இரண்டு வருஷம் மாதாமாதம் நான் நீலமாகவே பாஸ் செய்தேன். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பெருமை அதில் இருந்தது.

ஒருநாள் அத்தை காட்டிலிருந்து வந்து கால் கழுவும்போது, பாதத்தில் முள் ஏறியிருப்பதை நான்தான் பார்த்துச் சொன்னேன். ஏறி எத்தனை நாள் ஆனதோ, அவருக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம். புண் அழுகி, சேலத்தில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த பலாப் பருவத்துக்கு அத்தை இல்லை.

அந்த மூன்று பேரும் செத்தது ஊசியால் அல்ல, ஊசியைத் தள்ளிப்போட்டதால் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைவிட மோசம், பாட்டிலில் இருந்தது என் உடம்பைப் பற்றிய செய்தி மட்டும்தான் என்பதுகூட விளங்கவில்லை. என்னுடைய நீலம் எப்படியோ அத்தைக்குள் போய் வேலை செய்கிறது என்றே நம்பியிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அந்தக் கம்பவுண்டரைப் பார்த்தேன். கண் மங்கி, காது மட்டும் கூர்மையாக இருந்தது. பந்தி முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார்.

“நீ ஒருத்தன்தானா கண்ணு? அப்ப மலையில இருந்து வர்ற பாட்டில்ல பாதி பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுது. டாக்டர் சந்தோசமா இருக்காரே, எதுக்குக் கெடுக்கோணும்னு நானும் சொல்றதில்ல.”